அடுப்படியில் பிறந்த நகைச்சுவை



நாம் கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் பணியாற்றுகிறோம். தோட்டப் பள்ளி என்றதும் பால் மரமும் லயமும் பெரட்டுக் களமும் உங்கள் நினைவுக்கு வரலாம். அவையெல்லாம் போய்ப் பல ஆண்டுகள் ஆயின. மரங்கள் நின்ற இடத்தில் இப்பொழுது அடுக்குமாடி வீடுகளும் சரக்குக் கிடங்குகளும் நிற்கின்றன. பள்ளியின் பெயர்ப் பலகையில் மட்டுந்தான் தோட்டம் மிச்சம் இருக்கிறது. அன்று விடியுமுன் வாளியும் கத்தியுமாகப் பால் வெட்டப் போன பெண்களின் பேத்திமார், இன்று அதே இருட்டில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, தொழிற்சாலைக்கோ அலுவலகத்திற்கோ வீட்டுக்கோ திரும்புகிறார்கள்.

அந்த வாசலில் காலை ஏழு மணி முதல் ஏழரை வரை ஒரு சபை கூடும். தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, ஆனால் கூட்டம் ஒரு நாளும் தவறாது. அங்கே நாம் கேட்ட ஒரு கதையிலிருந்துதான் இன்றைய பேச்சு தொடங்குகிறது.

ஒரு தாயார் சொன்னார். காலை ஐந்தே முக்கால் மணி. அடுப்பில் தோசை. இளைய மகன் பல் துலக்கிக்கொண்டே, "அம்மா, இன்னிக்கு அஞ்சு வகை இலை கொண்டு போகணும், அறிவியல் பாடத்துக்கு" என்கிறான். முதல் நாள் மாலை முழுவதும் அவனுக்கு அது நினைவில்லை. இவர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறார். பக்கத்து வீட்டுத் தொட்டியில் கறிவேப்பிலை, யாரோ வளர்த்த பண்டான், மதில் ஓரத்தில் வெற்றிலைக் கொடி, வாகன நிறுத்துமிடத்தில் காகிதப்பூச் செடி. நான்கு ஆயிற்று. இருட்டில் குனிந்து குனிந்து ஒரு பெண் இலை பறிப்பதைக் கண்ட காவலாளி, நேப்பாளத்துப் பையன், ஓடிவந்து என்ன தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்கிறான். இலை என்கிறார். அவன் மரியாதையாக ஒதுங்கி நிற்கிறான். நாட்டு மருந்து செய்கிறவர் என்று நினைத்துக்கொண்டானாம். மறுநாள் முழங்கால் வலிக்கு ஏதாவது கொடுங்கள் அக்கா என்று வந்து நின்றது தனிக்கதை. மேலே ஓடிவந்து குளிர்பெட்டியைத் திறந்து முட்டைக்கோசிலிருந்து ஓர் இலையை உரித்து ஐந்தாவதாக வைத்துவிட்டு நிமிர்ந்தால், படுக்கையிலிருந்து கணவரின் குரல் வருகிறது: "என்னமோ தீயிற வாசனை வருதே." அவர் எழுந்திருக்கவில்லை. அறிக்கை மட்டும் வெளியிட்டார். தோசை கரியாகிவிட்டது. இதற்குள் மகன் புத்தகப் பையைக் கிளறிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொல்கிறான்: "அம்மா, இன்னிக்கு இல்ல. நாளைக்குத்தான்."

வாசலில் இருந்த பத்துப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்த ஐந்து இலைகளைக் கேட்ட ஆசிரியர் வேறு யாருமல்லர், நாமேதான். ஆகையால் கொஞ்சம் குறைவாகச் சிரித்தோம். பிறகு, "இதை அப்படியே எழுதுங்களேன்" என்றோம். அந்த அம்மாள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இதெல்லாம் ஒரு கதையா டீச்சர்?" என்றார்.

நேயர்களே, அவர் கேட்ட கேள்வி சின்னக் கேள்வி அன்று. பிள்ளை பெற்று வளர்க்கும் ஒரு பெண்ணின் சலிப்பு, அதை அவளே சிரித்துக்கொண்டு சொல்லும்போது, இலக்கியமாகுமா? நமது மொழியிலும் பிற மொழிகளிலும் இதற்கு என்ன விடை கிடைத்திருக்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

தமிழில் குடும்ப நகைச்சுவைக்குப் பஞ்சமே இல்லை. 1930களில் ஆனந்த விகடன் வாசகர்களைச் சிரிக்க வைத்தவர்களில் எஸ்.வி.வி. ஒருவர். எஸ்.வி. விஜயராகவாச்சாரியார் என்பது முழுப்பெயர். திருவண்ணாமலையில் வழக்கறிஞராக இருந்தவர், முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் பெற்றுப் பிறகு தமிழுக்கு வந்தவர், 1950இல் மறைந்தார். 'உல்லாஸ வேளை' போன்ற அவருடைய நூல்களில் வீடுதான் மேடை. கணவன், மனைவி, மாமியார், புடவை, நகை, ஊர்ப் பயணம் என்று எதை எடுத்தாலும் சிரிப்பு. குரூரம் இல்லாத சிரிப்பு. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூடத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துச் சொல்லுகிற சிரிப்பு அது. சமையலறைக்குள்ளிருந்து கூடத்தைப் பார்த்தால் என்ன தெரியும் என்பது அதில் இல்லை.

அப்புசாமியையும் சீதாப்பாட்டியையும் நம் நேயர்களில் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாக்கியம் ராமசாமி என்ற பெயரில் 1963 முதல் குமுதத்தில் வந்த கதைகள். எழுதியவர் ஜ.ரா. சுந்தரேசன். தாயார் பெயரான பாக்கியத்தையும் தந்தையார் பெயரான ராமசாமியையும் சேர்த்து அவர் புனைபெயர் ஆக்கிக்கொண்டார். ஜெயராஜின் ஓவியத்தில் அந்தப் பாட்டி மூக்குக் கண்ணாடியும் மிடுக்குமாக நிற்பார். பாட்டிகள் முன்னேற்றக் கழகத்துக்கு அவரே தலைவி. ஆங்கிலம் கலந்து பேசித் தாத்தாவை ஒரே அடியில் வீழ்த்திவிடுவார்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய நூறு வீடுகள் என்னும் குடியிருப்பு இருந்தது. இன்று அவை இல்லை. அங்கே இருந்த நம் பெரியம்மா வீட்டுக்கு ஊரிலிருந்து குமுதம் வரும். படித்து முடித்த இதழ்கள் ஒரு கட்டாக நம் தோட்டத்துக்கு வந்து சேரும். நம் தாயார் பால் மரம் வெட்டியவர், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆகவே மாலையில் அவர் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது நாம் அப்புசாமி கதையை உரக்கப் படிப்போம். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். ஒரு நாள் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இந்தப் பாட்டிக்குப் பிள்ளைகுட்டி இல்லையா?" இந்தக் கதைகளில் பிள்ளைகள் தலைகாட்டுவதில்லை என்றோம். "அதான பாத்தேன். இருந்திருந்தா எங்கிட்டு மீட்டிங் போறது?" என்று சொல்லிவிட்டு மீனை எடுத்துக்கொண்டார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இலக்கியத் திறனாய்வு பற்றி எத்தனையோ விரிவுரைகள் கேட்டோம். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடான திறனாய்வை அங்கே நாம் கேட்டதில்லை. வீட்டுக்குள் பெண்ணை வெற்றி பெறச் செய்வதற்கு அந்த எழுத்தாளர் குழந்தைகளை முதலில் வெளியே அனுப்ப வேண்டியிருந்தது! தொட்டில் ஆடுகிற வீட்டில் சீதாப்பாட்டி எப்படி இருந்திருப்பார் என்பதை நமக்கு யாரும் எழுதித் தரவில்லை.

ஆனால் அதற்கு வெகு காலத்துக்கு முன்பே ஒரு பெண்மணி சமையலறைக்குள்ளிருந்து பேசியிருக்கிறார். அவர் பெயர் ரங்கநாயகி தாத்தம். 1905இல் பிறந்தவர், பள்ளிக்குப் போய்ப் படிக்காதவர், ஸ்ரீரங்கத்தில் வைதிகமான ஒரு பெரிய குடும்பத்தில் சிறு வயதிலேயே மருமகளாகப் புகுந்தவர். குமுதினி என்ற பெயரில் 1930களில் விகடனில் எழுதலானார். காந்தியடிகளிடம் பற்றுக்கொண்டு, பிற்காலத்தில் திருச்சியில் சேவா சங்கம் அமைத்துப் பெண்களுக்காகப் பணியாற்றி, 1986இல் மறைந்தார். பொதுத்தொண்டராக அவரை அறிந்தவர்கள் பலர் அவருடைய குறும்பை அறிய மாட்டார்கள்.

அவருடைய ஒரு தொகுப்பின் பெயரே 'சில்லறைச் சங்கதிகள் லிமிடெட்'. இந்தப் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெண்கள் பேசுவதை ஊர் என்னவென்று சொல்லும்? சில்லறை விஷயம் என்று சொல்லும். பால் பொங்கியது, வண்ணான் வரவில்லை, குழந்தைக்குச் சளி. சரி, சில்லறை என்றால் சில்லறைதான், அந்தச் சில்லறைக்கே ஒரு கம்பெனி ஆரம்பித்து, ஆண்கள் நடத்துகிற கம்பெனியைப்போலப் பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' போட்டுவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? கோபத்தை ஒரு துளியும் வெளியே காட்டாத கோபம் இது.

அவர் 1934இல் எழுதிய சில கடிதங்கள் இன்னும் வேடிக்கை. அயோத்தி அரண்மனையிலிருந்து சீதை தன் தாயாருக்கு மிதிலைக்கு எழுதுவதாகக் கற்பனை. சீதை என்றால் நாம் என்ன எதிர்பார்ப்போம்? தர்மம், பொறுமை, கற்பு. குமுதினியின் சீதைக்கு வந்த கவலை புடவைக் கவலை. பிறந்த வீட்டிலிருந்து என்ன புடவை அனுப்புவார்கள், புகுந்த வீட்டில் இப்பொழுது எது வழக்கம், கட்டிக்கொண்டு போனால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள்! நம் கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் எந்தக் கடை வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். சிரித்துக்கொண்டே படிக்கிறோம். ஆனால் கதை எங்கே போகிறது என்று வாசகருக்கு முன்னமே தெரியும். புடவையைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே காடு குறுக்கே வந்துவிடுகிறது. போவதா இருப்பதா என்று இந்தப் பெண்ணின் யோசனையைக் கேட்டு எதுவும் முடிவாகவில்லை. அரண்மனையில் எடுக்கிற முடிவு எதுவாயினும் அதற்கேற்ற துணியை உடுத்துவது மட்டும் அவள் பொறுப்பு. இதைக் கட்டுரையாக எழுதியிருந்தால் அந்த நாளில் எத்தனை பேர் சண்டைக்கு வந்திருப்பார்கள்? புடவைக் கடிதமாக எழுதினார், எல்லாரும் சிரித்துவிட்டுப் போனார்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் இ.எம். டெலபீல்டு என்ற அம்மையார் ஒரு நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். பெண்கள் நடத்திய 'டைம் அண்ட் டைட்' என்ற வார இதழில் தொடராக வந்து, 1930இல் 'ஒரு கிராமப்புறச் சீமாட்டியின் நாட்குறிப்பு' என்ற பொருள்படும் பெயரில் நூலாயிற்று. இரண்டு பிள்ளைகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பிரெஞ்சு மாது, செய்தித்தாளை விரித்து அதன் பின்னால் தூங்கிப்போகும் கணவர், எந்நேரமும் பற்றில் நிற்கும் வங்கிக் கணக்கு. கையில் காசு வற்றும்போதெல்லாம் அந்த அம்மாள் பெரியத்தை விட்டுச்சென்ற வைர மோதிரத்தை அடகு வைத்துவிட்டு வருவார். பள்ளித் தவணை தொடங்கும் மாதத்தில் கிள்ளான் அடகுக்கடை வரிசையில் நிற்கும் நம் தாய்மாருக்கு இந்த இடத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. நாடும் நிறமும் வேறு, வளையல் ஒன்றுதான்.

அமெரிக்காவில் ஷெர்லி ஜாக்சன் என்று ஓர் எழுத்தாளர். 1948இல் வெளிவந்த 'லாட்டரி' என்ற சிறுகதையால் அந்த நாட்டையே திடுக்கிட வைத்தவர். அதே கையால் தன் வீட்டையும் பிள்ளைகளையும் பற்றி 1953இல் 'காட்டுமிராண்டிகளிடையே வாழ்க்கை' என்ற பொருளில் ஒரு சிரிப்பு நூல் எழுதினார். காட்டுமிராண்டிகள் யார் என்று கேட்காதீர்கள். அதில் ஒரு காட்சி. மூன்றாவது பேற்றுக்காக மருத்துவமனைக்குப் போகிறார். பதிவு மேசையில் இருக்கும் பெண் தொழில் என்ன என்று கேட்கிறாள். எழுத்தாளர் என்கிறார். அப்படியானால் இல்லத்தரசி என்று போட்டுக்கொள்கிறேன் என்கிறாள் அவள். வலி எடுத்துவிட்ட நேரத்தில் யார் வாதாடுவது?

நேயர்களே, இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தப் பதிவு மேசையில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது தாயின் தொழில் என்று பாரத்தில் ஒரு கட்டம் உண்டு. தாயார் வாய் திறக்குமுன் 'சூரி ரூமா' என்று நம் கை தானே எழுதிவிடும். ஓர் ஆண்டு அப்படி எழுதி முடித்த பிறகு, அந்தத் தாயார் நாள்தோறும் விடியுமுன் எண்பது பொட்டலம் நாசி லெமாக் கட்டித் தொழிற்சாலை வாசலுக்கு அனுப்புகிறவர் என்று தெரிந்தது. நாம் பசியாறிக்கொண்டிருந்த பொட்டலமே அவருடையதுதான். பாரத்தைத் திருத்தவில்லை. மை காய்ந்துவிட்டிருந்தது என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

இத்தகைய எழுத்தைப் பிழைப்பாகவே ஆக்கிக்கொண்டவர் எர்மா பாம்பெக். ஓஹையோ மாநிலத்துக்காரர், மூன்று பிள்ளைகளின் தாய். 1964இல் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் பத்தி எழுதத் தொடங்கினார். ஒரு பத்திக்கு மூன்று டாலர். சலவை இயந்திரம் விழுங்கும் காலுறை, வீட்டுப்பாடம், மிச்சச் சோறு, இவைதாம் பொருள். 1996இல் அவர் மறைவதற்குள் அந்தப் பத்தி சுமார் 900 பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. சும்மா சிரிக்க வைத்துவிட்டுப் போனவர் என்று நினைக்க வேண்டாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமவுரிமை என்று அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று ஓர் இயக்கம் நடந்தபோது அதற்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்தத் திருத்தம் 1982இல் போதிய மாநிலங்களின் ஆதரவின்றி நின்றுபோனது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1963இல் பெட்டி பிரீடன் என்ற அம்மையார் ஒரு புகழ்பெற்ற நூலில், ஜாக்சன் போன்ற இல்லத்தரசி எழுத்தாளர்களைக் கடுமையாகச் சாடினார். வீட்டில் அடைபட்ட பெண்களின் துன்பத்தை இவர்கள் வேடிக்கை ஆக்கிவிடுகிறார்கள், படிக்கிற பெண் சிரித்துவிட்டுத் திரும்பவும் பாத்திரம் கழுவப் போய்விடுகிறாள், இவர்களோ உண்மையில் எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. நம் பள்ளி வாசல் சபையும் ஏழரைக்கு மணி அடித்ததும் கலைந்துவிடுகிறது, வீட்டுக்குப் போனால் அடுப்பு அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆயினும் நமக்கு ஒரு சந்தேகம். சிரிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் வாயைத் திறந்திருப்பார்கள்?

அடுப்பு அதே இடத்தில் இருப்பதைப் பற்றியே தமிழில் ஒரு கதை இருக்கிறது. அம்பை எழுதிய 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. அதே பெயருள்ள தொகுப்பு 1988இல் வெளிவந்தது. அம்பை 2021ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றவர். ராஜஸ்தானில் ஒரு பெரிய வீடு, பெரிய குடும்பம். எல்லாருக்கும் எல்லாம் விசாலமாக இருக்கிறது. சமையலறை மட்டும் ஒரு மூலையில் இருட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெற்கிலிருந்து வந்த மருமகள் அதைக் கொஞ்சம் மாற்றிக் கட்டலாமே என்கிறாள். ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டது போல வீட்டு ஆண்கள் விழிக்கிறார்கள். பெண்கள் அந்த இருட்டையே தங்கள் ராஜ்யமாக நினைத்துப் பழகிவிட்டவர்கள். இதை நகைச்சுவைக் கதை என்று யாரும் வகைப்படுத்த மாட்டார்கள். படிக்கும்போது உதட்டோரம் சிரிப்பு வரும், முடிக்கும்போது இருக்காது. வீட்டுச் சாப்பாட்டைப் புகழ்கிறவர்கள் அனைவரும், சமைக்கிற இடத்தில் காற்று வருகிறதா என்று பார்த்திருக்கிறோமா என்று நம்மையே கேட்க வைக்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். மலேசியத் தமிழ்ச் சிறுகதை தோட்டத்து மண்ணில் வேரூன்றி வளர்ந்தது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் போன்ற நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளே அதற்குத் தொட்டில். அங்கே வந்த தாய் பெரும்பாலும் கண்ணீர் வடித்தாள். குடிகாரக் கணவன், ஆயாக் கொட்டகையில் விட்ட குழந்தை, பெரட்டுக்குப் பிந்தினால் வசவு. அவையெல்லாம் உண்மை. நம் பாட்டியின் வாழ்க்கையே அது. ஆனால் அதே பாட்டி ஒற்றையடிப் பாதையில் மற்றப் பெண்களோடு நடந்து போகும்போது தம் கணவரைப் போல நடந்து காட்டுவார், கறுப்புக் கண்ணாடி போட்ட கிராணியாரைப் போலப் பேசிக் காட்டுவார், காடே சிரிக்கும் என்று நம் தாயார் சொல்லியிருக்கிறார். அந்தச் சிரிப்பில் ஒரு வரிகூட அச்சுக்கு வரவில்லை. அழுகைக்குப் பரிசு கிடைத்தது, சிரிப்பைக் குறித்து வைக்க ஆளில்லாமல் போயிற்று என்றே நமக்குத் தோன்றுகிறது. அன்றைய வானொலிக் குறுநாடகங்களில் சிரிப்பு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அங்கே நச்சரிக்கிற மனைவி, பயந்த கணவன் என்ற அச்சுத்தான் பெரும்பாலும் சுழன்றது.

பள்ளிக்கூடமும் இதில் குற்றவாளிதான். 'என் அம்மா' என்ற கட்டுரையை ஆண்டுதோறும் எழுத வைக்கிறோம். கரும்பலகையில் நாமே சட்டகம் போட்டுத் தருகிறோம். என் அம்மா அதிகாலையில் எழுவார், சமைப்பார், துணி துவைப்பார், என்னிடம் அன்பாக இருப்பார், நான் அவரைப் போற்றுவேன். நாற்பது ஏடுகளிலும் ஒரே அம்மா. அவருக்குச் சலிப்பே வராது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமி, சட்டகத்துக்கு வெளியே ஒரு வாக்கியம் சேர்த்திருந்தாள்: "என் அம்மா சத்தமாகச் சிரிப்பார். அப்பா வரும் மோட்டார் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவார்." அதன் அடியில் சிவப்பு மையால் கோடிட்டு, 'தலைப்பை ஒட்டி எழுதுக' என்று குறிப்பு எழுதினோம். அந்த ஏடு இப்பொழுது நம்மிடம் இல்லை. சிவப்புக் கோடு மட்டும் அவ்வப்போது கண்ணில் வந்து போகிறது.

அதனால்தானோ என்னவோ, அந்த ஐந்து இலைத் தாயாரை நாம் விடவில்லை. வாசலில் பார்க்கும்போதெல்லாம் எழுதினீர்களா என்று கேட்டோம். ஒரு மாதம் கழித்து, மகனின் கணக்கு ஏட்டைப் பின்பக்கமாகத் திருப்பி எழுதிய நான்கு பக்கங்களைக் கொடுத்தார். இடையில் இரண்டு வகுத்தல் கணக்கும் இருந்தது.

ஆசிரியர் அறையில் இடைவேளையின்போது உரக்கப் படித்தோம். காவலாளி வந்த இடத்தில் ஓர் ஆசிரியைக்குக் கோப்பி புரையேறிவிட்டது. கணவரின் தீயிற வாசனைக்கு அனைவரும் தத்தம் வீட்டு அறிக்கைகளை எடுத்துவிட்டார்கள். பிறகு மூன்றாம் பக்கம் வந்தது. அதில் அவர் எழுதியிருந்ததைச் சொல்கிறோம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் வைத்திருக்கும் கோப்பில் ஒரு பழைய கடிதமும் இருக்கிறது. தாதியர் பயிற்சிக்கு வரும்படி அவருக்கு வந்த கடிதம். அப்பொழுது மூத்தவன் வயிற்றில். போகவில்லை. பள்ளியில் சான்றிதழ் கேட்கும்போதெல்லாம் அந்தக் கடிதந்தான் முதலில் கைக்கு வருமாம். என்ன, இப்பவாவது வருகிறாயா என்று கேட்குமாம். இரு, தோசை தீயுது என்று சொல்லி அதை உள்ளே தள்ளிவிடுவாராம்.

யாரும் சிரிக்கவில்லை. கோப்பி புரையேறியவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டோம்.

பள்ளி ஆண்டு மலரில் இதைப் போட வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வீட்டில் சலசலப்பு வருமோ என்று அஞ்சி, அந்தத் தாயாரைத் தனியே அழைத்து, கடிதத்தைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டோம். சிவப்பு மை இவ்வளவு எளிதில் காய்வதில்லை, பாருங்கள்! அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அத எடுத்துட்டா மீதி வெறும் சிரிப்புதானே டீச்சர்" என்றார்.

ஏட்டை வாங்கிக்கொண்டு போய் அன்றிரவு கணவரிடமே கொடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து வாசலில் நமக்குச் சொன்னார். அவர் படித்தாராம். படுக்கையில் கிடந்தபடி தாம் அறிக்கை விட்ட இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாராம். நான் எப்போ அப்படிச் சொன்னேன் என்று வழக்கும் ஆடினாராம். மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஏட்டை மூடிவிட்டு, "அந்தக் கோப்பு எங்க இருக்கு?" என்று கேட்டாராம். பதின்மூன்று ஆண்டுகளில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அலமாரியைக் காட்டினாராம். எடுத்துப் பிரித்து, அந்தக் கடிதத்தை விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப வைக்கும்போது வேறு எங்கோ வைத்துவிட்டார்.

"மறுநாள் நான் அதத் தேடுறதுக்கு அரை மணி நேரம் ஆச்சு டீச்சர்," என்றார் அந்த அம்மாள். சபை வழக்கம்போலச் சிரித்தது. கடிதத்தை எதற்காகத் தேடினீர்கள் என்று கேட்க நமக்குத் தோன்றியது. மணி அடித்துவிட்டது.

கதை முழுதாகவே மலரில் வருகிறது, பெயர் இல்லாமல். இந்த வானொலி உரையிலும் அவரைப் பற்றிச் சொல்லலாமா என்று அனுமதி கேட்டோம். "சொல்லுங்க. ஆனா ராத்திரி எட்டு மணிக்குப் போடாதீங்க, அந்நேரம் பிள்ளைங்க பாடம். காலையில பத்து மணிக்குப் போடச் சொல்லுங்க. அரிசி கழுவிக்கிட்டே கேப்பேன்" என்றார். நேரத்தை ஒதுக்குவது நம் கையில் இல்லை என்றோம். "அது எனக்குத் தெரிஞ்சதுதானே" என்று சொல்லிவிட்டு, மகனின் தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டோம் என்று நினைவு வந்தவராய் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு வீட்டுப் பக்கம் போனார்.